பேய்க்காவது ஒரு நியாயம் உண்டு

மணமேல்குடியில் உட்கார்ந்துகொண்டு பேய்க்கதைப் புத்தகம் போடுகிறவனைப் பார்த்து ஊரில் யாரும் பயப்படுவதில்லை. பரிதாபப்படுகிறார்கள். “ஏன் தம்பி, குரூப் ஃபோர் கைடு போட்டா நாலு காசு வருமே?” என்று டீக்கடையில் ஒரு பெரியவர் கேட்டார். நியாயமான கேள்விதான். முந்நூறு பிரதி அச்சடித்து, அதில் பாதியைக் கட்டிலுக்கடியில் வைத்துக்கொண்டு தூங்குகிறவனிடம் வேறு என்ன கேட்பார்கள்? எங்கள் மாவட்டத்து ராயவரத்தில் பிறந்த சக்தி வை. கோவிந்தன் தமிழ்ப் பதிப்புலகத்தையே புரட்டிப் போட்டவர். பாரதியை ஏழை வீட்டுக்கும் மலிவு விலையில் கொண்டுபோய்ச் சேர்த்தவர். அவரே 1966இல் நொடித்துப்போய்த்தான் செத்தார். பாரதியைப் போட்டவர் கதியே அது என்றால் பேயைப் போடுகிறவன் எம்மாத்திரம்?

தொழில் படுத்துவிட்டது. செல்போன்தான் காரணம் என்று எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. என் போட்டியாளர் செய்தித்தாளின் மாவட்டப் பக்கம். அதை எழுதுகிறவர்கள் நிருபர்கள் என்றாலும் கதை, வசனம், திரைக்கதை எல்லாம் அரசாங்கத்துடையது. அந்தப் போட்டியில் நான் எப்படி ஜெயிப்பது?

பேய்க்கதைக்கு ஓர் இலக்கணம் உண்டு. பி.டி. சாமியின் பேய் நாவல்கள் பஸ் ஸ்டாண்டுக் கடையில் கயிற்றில் தொங்கிய காலத்திலும் அதுதான் இலக்கணம். இந்திரா சௌந்தர்ராஜனின் ‘விடாது கருப்பு’ தொலைக்காட்சியில் வந்து, ராத்திரி கொல்லைப்பக்கம் போகத் துணைக்கு ஆள் தேட வைத்த காலத்திலும் அதுதான். ஒருவருக்கு அநியாயம் நடந்திருக்க வேண்டும். செய்தவன் யார் என்று பேய்க்குத் தெரிந்திருக்க வேண்டும். அது தேடிப் போய் அவனைத்தான் பிடிக்கும். செத்தவனின் தம்பியைப் பிடித்து ‘உன் அண்ணனை நீதானே கொன்றாய்’ என்று கேட்கிற பேயை எந்த எழுத்தாளரும் படைத்ததில்லை. படைத்தால் வாசகன் புத்தகத்தைக் கடலில் வீசுவான். எங்களுக்குக் கடலும் பக்கம்.

இப்போது ஒரு கையெழுத்துப் பிரதி என் மேசைக்கு வந்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்.

இடம் எங்கள் மாவட்டத்து வேங்கைவயல். காலம் 2022 டிசம்பர். தலித் குடியிருப்பில் குழந்தைகள் ஒவ்வொன்றாக நோயில் விழுகின்றன. தண்ணீரைப் பாருங்கள் என்கிறார்கள் ஆஸ்பத்திரியில். 26ஆம் தேதி இளைஞர்கள் மேல்நிலைத் தொட்டியில் ஏறிப் பார்க்கிறார்கள். குடிக்கிற தண்ணீரில் மனித மலம். ஆரம்பம் பிரமாதம். எந்த எழுத்தாளனுக்கும் கை கூசியிருக்கும்.

மறுநாள் கலெக்டர் வருகிறார். டீக்கடையில் இரட்டைக் குவளை. அய்யனார் கோயிலுக்குள் அந்த மக்கள் போனதே இல்லை. கலெக்டர் அவர்களைக் கூட்டிக்கொண்டு உள்ளே போகிறார். அங்கே ஒரு பெண்ணுக்குச் சாமி வந்து, சாதியைச் சொல்லி ஏசுகிறது. அந்தப் பெண்மீது வழக்குப் பதிவானது. என் தொழிலில் சாமி வந்தால் கொலைகாரன் பெயரைச் சொல்லும், புதைத்த இடத்தைக் காட்டும். சாதிச் சான்றிதழ் கேட்கிற சாமியை யாராவது எழுதியிருந்தால், மிகை என்று நானே சிவப்பு மையில் அடித்திருப்பேன்.

அடுத்த அத்தியாயங்களில் கதை இழுக்கிறது. 2023 ஜனவரியில் வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்குப் போகிறது. உயர் நீதிமன்றம் ஓய்வுபெற்ற நீதிபதியைக் கொண்டு ஒரு நபர் ஆணையம் அமைக்கிறது. ரத்தம் எடுக்கிறார்கள், டி.என்.ஏ. பார்க்கிறார்கள். தண்ணீர் குடித்தவர்களும் கை நீட்டி ரத்தம் கொடுக்க வேண்டியிருந்தது. ரத்தம் குடிக்கிற பேய்கூட ஒரு தடவையோடு விடும். இரண்டு வருடம் கழித்து, 2025 ஜனவரியில், முடிவு வருகிறது. குற்றப்பத்திரிகையில் மூன்று இளைஞர்கள். மூவரும் அதே குடியிருப்பு, அதே சாதி. ஊராட்சித் தலைவரின் கணவர்மீது இருந்த கோபத்தில் தாங்கள் குடிக்கிற தண்ணீரில் தாங்களே கலந்தார்கள் என்பது கதை. அந்த மக்கள் ஏற்கவில்லை. விடுதலைச் சிறுத்தைகளும் இடதுசாரிக் கட்சிகளும் ஏற்கவில்லை.

யார் குற்றவாளி என்று தீர்ப்புச் சொல்ல நீதிமன்றம் இருக்கிறது. நான் சொல்வது பதிப்பாளனின் கருத்து மட்டும். கிளைமாக்ஸ் அதோடு முடியவில்லை. குற்றம் சாட்டப்பட்டவர்களும் பாதிக்கப்பட்டவர்களும் ஒரே சாதி என்றானதும், 2025 பிப்ரவரியில் வழக்கு எஸ்.சி., எஸ்.டி. வன்கொடுமை வழக்குகளுக்கான சிறப்பு நீதிமன்றத்திலிருந்து சாதாரண நீதித்துறை நடுவர் மன்றத்துக்கு மாறியது. பேய்க்கதையில் பிணம் காணாமல் போகும், நகை காணாமல் போகும். ஒரு வழக்கிலிருந்து சாதியே காணாமல் போனதை நான் எங்கும் படித்ததில்லை. இரட்டைக் குவளையும் பூட்டிய கோயிலும் முதல் அத்தியாயத்தோடு அனாதையாக நிற்கின்றன. ஆசிரியருக்கு அவை மறந்துவிட்டன. வாசகன் மறப்பானா?

கரைப்பக்கம் வருவோம். கோட்டைப்பட்டினத்திலிருந்தும் ஜெகதாப்பட்டினத்திலிருந்தும் போகிற விசைப்படகுகளின் கதையைச் சொன்னால் என் நாவல்கள் எல்லாம் தாலாட்டு. 2021 ஜனவரியில் நெடுந்தீவு அருகே இலங்கைக் கடற்படைக் கப்பல் மோதிய படகில் இருந்த நான்கு பேர் பிணமாகத்தான் கிடைத்தார்கள். அதே வருடம் அக்டோபரில் கோட்டைப்பட்டினத்து மீனவர் இன்னொருவர். உடனே கடிதம் போனது. சென்னையிலிருந்து டெல்லிக்குப் போகிற கடிதம். ஆட்சி மாறும், கையெழுத்து மாறும், கடிதம் மட்டும் மாறாது. அத்தனையையும் தொகுத்துப் போட்டால் என் பட்டியலிலேயே தடித்த புத்தகம் அதுவாகத்தான் இருக்கும். ‘ஆவி எழுத்து’ என்று தலைப்பு வைக்கலாம். பதில் வராத கடிதத்துக்கு வேறு என்ன பெயர்?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், உள்ளூரில் அடி விழுந்தாலும் பரவாயில்லை. நம் இழுவைமடி கடலடியை வாரிக்கொண்டு போன தடத்தில் யாழ்ப்பாணத்து மீனவனின் வலை கிழிந்து கிடக்கிறது. அவனும் தமிழன்தான். அவன் வீட்டில் குழந்தைக்குப் பூச்சாண்டி காட்டிச் சோறூட்டினால் அந்தப் பூச்சாண்டி நாம்தான். இதை எழுதி யாரும் எனக்கு அனுப்புவதில்லை.

2018 நவம்பர் 16 விடிகாலையில் கஜா புயல் வந்து போனபின் இந்தப் பக்கமெல்லாம் பல நாள் மின்சாரம் இல்லை. தென்னைகள் வேரோடு கிடந்தன. பேய்க்கு அதைவிடத் தோதான இருட்டு ஏது? ஆனால் ஒருத்தருக்கும் பேய்ப் பயம் வரவில்லை. நிவாரணப் பட்டியலில் பேர் விட்டுப்போகுமோ என்ற பயம்தான் வந்தது.

மிச்சமிருக்கிற வாசகனுக்கு அனுப்பலாம் என்றால் தபால். மலிவாகப் போய்க்கொண்டிருந்த புக் போஸ்ட்டை 2024 டிசம்பரில் எடுத்துவிட்டார்கள். 2025 மே மாதம் ‘ஞான் போஸ்ட்’ வந்தது. கல்வி, சமூகம், பண்பாடு, சமயம் சார்ந்த நூல்களுக்கு அதில் சலுகை. பேய் இதில் எந்த வகை? சமயம் என்றால் பூசாரி கோபிப்பார். கல்வி என்றால் நானே சிரித்துவிடுவேன். சமூகம் என்று எழுதிக் கொடுத்தால் ஏற்றுக்கொள்ள வேண்டும். மேலே சொன்னதைப் படித்தபின் மறுக்க யாருக்கும் வாய் வராது.

எழுதுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கதைகளை அனுப்புங்கள். புளியமரம், பாழும் கிணறு, கொலுசுச் சத்தம், எதுவானாலும் சரி. ராயல்டி புத்தகமாகத்தான் தர முடியும். உங்கள் பேய் யாரைப் பிடிக்கிறது என்பதை மட்டும் பார்த்து எழுதுங்கள். கலந்தவனை விட்டுவிட்டுக் குடித்தவனைப் பிடிக்கிற பேய் என்றால், தபால்தலை ஒட்டிய உறையை உள்ளே வைத்திருந்தாலும் பிரதி திரும்பி வராது. கிழித்துப் போடுவேன்.