துடைப்பத்துக்குப் பதவி உயர்வு

குழந்தை பெற்ற பெண் வேலை தேடுவது எப்படி, தொழில் மாறுவது எப்படி என்று சொல்லித்தர இன்று ஊரெல்லாம் ஆலோசகர்கள். பயோடேட்டாவில் பிரசவ இடைவெளியை எப்படிப் பூசி மெழுகுவது என்பதற்கே தனி வகுப்பு நடக்கிறது. ராயபுரத்தில் தெருக் கூட்டும் தாய்மார்களுக்கு இந்தச் செலவு எதுவும் இல்லை. விண்ணப்பிக்காமலே அவர்களுக்கு வேலை மாற்றித் தந்தது சென்னை மாநகராட்சி. அதே தெரு, அதே குப்பை, அதே விடிகாலை ஷிஃப்ட். முதலாளி மட்டும் புதுசு, சம்பளம் மட்டும் குறைச்சல்.

2025இல் ஐந்தாவது மண்டலமான ராயபுரத்தையும் ஆறாவது மண்டலமான திரு.வி.க. நகரையும் டெல்லி எம்.எஸ்.டபிள்யூ சொல்யூஷன்ஸ் என்ற நிறுவனத்திடம் ஒப்படைத்தார்கள். அதுவரை இந்தப் பெண்கள் தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் கணக்கில் சுய உதவிக் குழு உறுப்பினர்கள். பத்து வருஷத்துக்கும் மேலாகக் கூட்டியவர்கள் உண்டு. மாநகராட்சி சொன்ன தெருவில் மாநகராட்சிக் குப்பையை அள்ளுவார்கள், ஆனால் மாநகராட்சி ஊழியர் ஆகமாட்டார்கள். கொரோனாவில் முன்களப் பணியாளர் என்று மாலை போட்டோம். மிக்ஜாம் புயல் வடிந்ததும் ஊரே வீட்டுக்குள்ளிருந்து தூக்கிப் போட்ட மெத்தையையும் சேற்றையும் அள்ள அவர்களைத்தான் அனுப்பினோம். மாலைக்கு பி.எஃப். பிடிக்க முடியாதாம்.

மாதம் சுமார் 23,000 ரூபாய் வாங்கிக்கொண்டிருந்தோம், கம்பெனிக்குப் போனால் 17,000 கூடத் தேறாது என்றார்கள் அவர்கள். பி.எஃப்., ஈ.எஸ்.ஐ., போனஸ், லீவு எல்லாம் உண்டே என்றது மாநகராட்சி. பேஷ். மாநிலத்தை ஆண்ட தி.மு.க. அரசுதான் 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத் தொகையாக மாதம் 1,000 ரூபாய் தரத் தொடங்கியது. ஆயிரம் வரவு, ஆறாயிரம் பற்று. இந்தக் கணக்கைப் போடப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. ஸ்கூல் பீஸ் கட்டுகிற எந்த அம்மாவும் விரல் விட்டே போட்டுவிடுவாள்.

பிடிக்கவில்லையென்றால் வேறு வேலைக்குப் போகலாமே என்பார்கள் படித்தவர்கள். போகலாம். எண்ணூர் அனல்மின் நிலையத்தில் கேட்கலாம், அதை 2017இல் மூடிவிட்டார்கள். எண்ணூர்க் கழிமுக மீனை வாங்கிக் கூடையில் வைத்து விற்கலாம், 2023 டிசம்பரில் அங்கே மீன் மிதந்த இடத்தில் எண்ணெய் மிதந்தது. ஸ்ரீபெரும்புதூர் போய் ஐபோன் கோக்கலாம். ஆனால் அங்கே ஃபாக்ஸ்கான் ஆலையில் அந்த வேலைக்குக் கல்யாணமான பெண்களை ஒதுக்குகிறார்கள் என்று 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் எழுதியது. குடும்பப் பொறுப்பு, பிரசவம், லீவு, தாலி, மெட்டி என்று காரணப் பட்டியலும் அதில் இருந்தது. கல்யாணமாகாத பெண்ணை ஊர் ஒருமாதிரி பார்க்கும், கல்யாணமான பெண்ணைக் கம்பெனி ஒருமாதிரி பார்க்கும். குப்பை மட்டும்தான் தாலியைப் பார்ப்பதில்லை. சாதியைப் பார்க்கும். இந்த வேலையில் இருப்பவர்களில் பெரும்பாலோர் தலித் பெண்கள்.

துடைப்பம் என்றாலே மற்றவர்கள் மூக்கைப் பொத்துவார்கள் என்றும் சொல்லிவிட முடியாது. 2019இல் சட்டப்பேரவைச் செயலகத்தில் 14 துப்புரவுப் பணியிடங்களுக்கு ஆள் எடுத்தபோது நாலாயிரத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள். இன்ஜினீயர்களும் எம்.பி.ஏ.க்களும் வரிசையில் நின்றார்கள். பர்மனென்ட் என்றால் துடைப்பமும் மணக்கும். ஏற்கெனவே துடைப்பம் பிடித்துக் கை காய்த்தவள் அந்த பர்மனென்ட்டைக் கேட்டால்தான் அது பேராசை.

கேட்டார்கள். 2021 தேர்தலில் தி.மு.க. கொடுத்த பணி நிரந்தர வாக்குறுதியை நினைவுபடுத்தி, 2025 ஆகஸ்ட் 1ஆம் தேதி மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகை வாசலில் உட்கார்ந்தார்கள். வெயிலிலும் மழையிலும் பதின்மூன்று நாள். நடைபாதையில் போராடக் கூடாது, அப்புறப்படுத்துங்கள் என்றது உயர் நீதிமன்றம். 13ஆம் தேதி நள்ளிரவில், சுதந்திர தினத்துக்குச் சரியாக இரண்டு நாள் முன்னதாக, போலீஸ் அவர்களை இழுத்துத் தூக்கிப் பஸ்களில் ஏற்றியது. மகளிருக்குக் கட்டணமில்லாப் பயணம் என்பதை இவ்வளவு பிடிவாதமாக எந்த அரசும் நிறைவேற்றியதில்லை. நிறுத்தத்தில் கைகாட்டினால் நிற்காத பஸ், அன்று வாசலுக்கே வந்தது.

மறுநாளே அமைச்சரவை கூடி ஆறு திட்டங்களை அறிவித்தது. காலையில் இலவச உணவு. பிள்ளைகளின் மேல்படிப்புக்கு உதவி. மூன்று வருஷத்தில் 30,000 வீடு. காப்பீடு, தொழில்சார் நோய்க்குச் சிகிச்சை. தட்டில் இட்லி, கொள்கையில் கருணை. தெருவில் உட்கார்ந்து கேட்டது என்னவோ அது மட்டும் பட்டியலில் இல்லை. தனியாருக்குக் கொடுக்கும் தீர்மானத்தை ரத்து செய்ய மறுத்த உயர் நீதிமன்றம்கூட, கடைசியாக வாங்கிய சம்பளம் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றது. சமூக நீதி அரசுக்கு அதை ஒரு நீதிபதி எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது.

அந்த ஆறில் தொழில் மாறும் தாய்மார்களுக்கென்றே ஒன்று இருக்கிறது. சொந்தத் தொழில் தொடங்கினால் திட்ட மதிப்பில் 35 சதவீதம், 3.5 லட்சம் ரூபாய் வரை மானியம். மீதி 65 சதவீதத்துக்கு வங்கிக்குப் போகவேண்டும். மேனேஜர் சம்பளச் சான்றிதழ் கேட்பார். மாநகராட்சியைக் கேட்டால், நீ எங்கள் ஆள் இல்லை, சுய உதவிக் குழு என்பார்கள். கம்பெனியைக் கேட்டால், நீ இன்னும் எங்களிடம் சேரவே இல்லையே என்பார்கள்.