ஒட்டாத வாயு, ஒட்டும் வாரிசுகள்

கே: ரேடான் யார் வீட்டுப் பிள்ளை?

ப: யுரேனிய வம்சம். யுரேனியம் கொஞ்சமாவது கலக்காத பாறை அபூர்வம். அது படிப்படியாகச் சிதைந்து ரேடியமாகி, அந்த ரேடியம் சிதையும்போது ரேடான் பிறக்கிறது. அதுவரை வம்சத்தில் எல்லாரும் திடப்பொருள். இது ஒன்றுதான் வாயு. மண்ணின் இடுக்கு வழியே நழுவி மேலே வந்துவிடும்.

கே: வாசனை பிடித்துக் கண்டுபிடிக்கலாமா?

ப: நிறமில்லை, மணமில்லை, ருசியில்லை. மைனஸ் 71 டிகிரிக்குக் கீழே உறையவைத்தால் மட்டும் மஞ்சளாக ஒளிரும். வீட்டு ஃப்ரீசர் மைனஸ் 18-ஓடு நின்றுவிடும்; முயற்சி வேண்டாம்.

கே: ஹீலியம், நியான் போல மந்த வாயுதானே? யாரோடும் சேராத சாதுவுக்கு ஏன் பயப்பட வேண்டும்?

ப: சாதுதான். ஃப்ளூரின் போல வம்படியாக இழுக்கிற ஆளோடு மட்டுமே சேரும். மூச்சில் உள்ளே போனாலும் பெரும்பகுதி அப்படியே வெளியே வந்துவிடும். வம்பெல்லாம் வாரிசுகளிடம். இருக்கிற ரேடானில் பாதி 3.8 நாளில் சிதைந்து பொலோனியமாகும். அதிலிருந்து ஈயம், பிஸ்மத். இவை தூசியில் ஒட்டிக்கொண்டு நுரையீரலில் குடியேறும். பொலோனியம் வீசும் ஆல்ஃபா துகளை ஒரு காகிதம் தடுத்துவிடும். நுரையீரலுக்குள் காகிதத்துக்கு எங்கே போவது? புகைபிடிப்பவருக்கு ஆபத்து இன்னும் பல மடங்கு.

கே: வீட்டுக்குள்ளேயே மாட்டியவர் உண்டா?

ப: அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஸ்டான்லி வாட்ராஸ். லிமெரிக் அணுமின் நிலையக் கட்டுமானப் பொறியாளர். 1984 டிசம்பரில் கதிர்வீச்சுக் கருவி இவரைக் கண்டாலே அலறியது. இத்தனைக்கும் நிலையம் மின் உற்பத்தியே தொடங்கவில்லை. ஒருநாள் காலையில் வந்த கையோடு நேரே கருவி முன் போய் நின்றார், அப்போதும் அலறல். ஆக, சரக்கு வீட்டிலிருந்து வருகிறது! வீட்டுக் காற்றில் ரேடானை அளந்தார்கள்: லிட்டருக்குச் சுமார் 2,700 பிகோகியூரி. 4-ஐத் தொட்டாலே வீட்டைச் சரிசெய்யச் சொல்கிறது அந்நாட்டுச் சுற்றுச்சூழல் துறை. அணு உலைக்குப் பக்கத்தில் நின்றவரை அணு உலை ஒன்றும் செய்யவில்லை. சொந்த வீட்டின் அடித்தரைதான் காட்டிக்கொடுத்தது.

கே: மணவாளக்குறிச்சி கடற்கரை மணலில் ரேடான் உண்டா?

ப: அங்குள்ள மோனசைட் என்ற கனிமத்தில் தோரியம் அதிகம். அது பெற்றெடுப்பது ரேடானின் இன்னொரு வடிவம், பெயர் தோரான். 56 விநாடியில் பாதி காலி.

கே: இப்போது என்னதான் செய்வது?

ப: ஜன்னலைத் திறந்து வையுங்கள். கொசுவலையைக் கழற்ற வேண்டாம். ரேடான் அதன் வழியே தாராளமாக வெளியேறும்.