டவரும் ஊறுகாயும்

கம்மாபுரத்தில் செல்போன் டவர் வரப்போகிறது என்று பேச்சு கிளம்பியதும் முதலில் கொதித்தவர் என் மாமாதான்.

"கதிர்வீச்சு மாப்ள! சிட்டுக்குருவியே அத்துப்போச்சு, நாம எம்மாத்திரம்?"

இதைச் சொல்லும்போது அவர் விரலிடுக்கில் பீடி புகைந்துகொண்டிருந்தது.

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, 2011இல் செல்போன் அலைகளை '2பி' பட்டியலில் வைத்தது உண்மைதான். அதாவது, வந்தாலும் வரலாம், சான்று போதாது. அதே பட்டியலில் ஆசியப் பாரம்பரிய ஊறுகாயும் இருக்கிறது என்று எடுத்துவிட்டேன். (அவர்கள் சொன்னது கிழக்காசிய ஊறுகாய். மாமாவிடம் அதை எதற்குச் சொல்ல?) புகையிலையோ சந்தேகத்துக்கே இடமில்லாத முதல் பட்டியல்.

மாமா அசரவில்லை. "ஊறுகாயை எவன் மாப்ள என் வீட்டெதிர்ல நட்டுவெச்சான்?"

கேள்வியில் விஷயம் இருக்கிறது. 1969இல் சான்சி ஸ்டார் என்ற அமெரிக்கப் பொறியாளர் ஒரு கணக்குப் போட்டார். அடுத்தவன் நம் தலையில் கட்டும் ஆபத்தைவிட, நாமே விரும்பி ஏற்கும் ஆபத்தைச் சுமார் 1,000 மடங்கு பொறுத்துக்கொள்கிறோமாம். பீடி சொந்தக் காசு. டவர் எவனோ வைப்பது.

பழகிய ஆபத்துக்கும் இதே சலுகை. விருத்தாசலத்தில் பீங்கான் வேலைக்குப் போகும் எங்களூர் ஆள் ஒருவர் பிராய்லர் கோழியைத் தொடமாட்டார். ஹார்மோன் ஊசி போடுகிறார்களாம். கோழியைக் கொழுக்கவைப்பது இனத்தேர்வும் தீவனமும்தான் என்றால் நம்புவதில்லை. ஆனால் குவார்ட்ஸ் மாவை முகப்பவுடர்போல அப்பிக்கொண்டு வீடு திரும்புவார். "உதறினா போச்சு சார்" என்பார். உதறினால் போவது கண்ணுக்குத் தெரியும் தூசி. தெரியாதது நுரையீரலுக்குள் இறங்கி ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும். அதனால் வரும் சிலிக்கோசிஸ் நோயைக் குணமாக்க மருந்து கிடையாது. அந்தக் குவார்ட்ஸ் மாவின் சிலிக்கா தூசியும் 1997 முதல் புகையிலையோடு முதல் பட்டியலில்தான் இருக்கிறது.

மாமாவின் ஹெல்மெட் வண்டிக் கண்ணாடியில் தொங்கும். போலீஸைக் கண்டால் மட்டும் தலைக்கு ஏறும். அவர் அகராதியில் ஆபத்து என்றால் போலீஸ். 2022இல் மட்டும் தமிழ்நாட்டுச் சாலைகளில் செத்தவர்கள் 17,884 பேர். இதற்கெல்லாம் யாரும் கலெக்டரிடம் மனு கொடுக்கப் போவதில்லை.

டவருக்கு எதிரான மனுவில் நானும் கையெழுத்துப் போட்டேன், சொந்தக்காரர் ஆயிற்றே. ஆனால் என் மனு வேறு. பீங்கான் பட்டறை வைத்திருப்பவர்கள் தயவுசெய்து தரையில் தண்ணீர் தெளித்துவிட்டுக் கூட்டச் சொல்லுங்கள். மாமா, அந்த ஹெல்மெட்டைக் கண்ணாடியிலிருந்து கழற்றித் தலையில் மாட்டுங்கள். கண்ணாடிக்கு அடிபட்டால் வேறு வாங்கிக்கொள்ளலாம்.