விசாவயிற் பிரிவு: ஒரு முன்னோட்ட ஆய்வு

தலைவன் தலைவியைப் பிரிவதற்கான காரணங்களை ஓதல், பகை, தூது, பொருள் என்று தொல்காப்பியர் வரிசைப்படுத்தினார். விசாவைச் சேர்க்கவில்லை. உரையாசிரியர்களும் இவ்விடத்தில் வாய் திறக்கவில்லை. பாலை வழியில் ஆறலைகள்வர் உண்டு, யானை உண்டு, கள்ளி உண்டு. கான்சுலேட் மட்டும் இல்லை. அக்குறையை நீக்கவே இக்கட்டுரை. தலைவன் அமெரிக்கக் குடிமகன், வாழிடம் டல்லாஸ். தலைவி இந்தியக் குடிமகள், வாழிடம் தஞ்சாவூர். கல்யாணம் முறைப்படி நடந்துவிட்டது. தலைவி ‘சும்மா ஒரு மாசம் போய் இருந்துட்டு வர’ எந்த விசா பொருந்தும் என்பதே ஆய்வுச் சிக்கல்.

முதன்மைத் தரவுகள் கல்யாணப் பந்தியில் திரட்டப்பட்டன. அங்கே இரண்டு மரபுகள் நிலவுகின்றன. ‘டூரிஸ்ட் விசா போதும்’ என்பது பெரியப்பா மரபு. ‘நேரே கிரீன் கார்டுதான்’ என்பது சித்தப்பா மரபு. இருவருமே அமெரிக்கா போனதில்லை என்பதால் நடுநிலைமையில் ஐயமில்லை.

பெரியப்பா சொல்வது பி-2 விசா. டி.எஸ்.-160 என்னும் இணையப் படிவம், 2023 முதல் 185 டாலர் விண்ணப்பக் கட்டணம், ஜெமினி மேம்பாலத்தருகே ஒரு நேர்காணல். பார்க்க எளிது. ஆனால் அமெரிக்காவின் 1952ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தில் 214(பி) என்றொரு பிரிவு படுத்திருக்கிறது. விசிட் விசா கேட்டு வரும் எவரும் குடியேறவே வருகிறார் என்று அது எடுத்த எடுப்பிலேயே முடிவு கட்டிவிடுகிறது. அப்படியில்லை என்று மெய்ப்பிக்கும் பாரம் விண்ணப்பிப்பவர் தலையில். அதாவது, புதுப்பெண் கண்ணாடிச் சன்னலுக்கு முன்னால் நின்று, கணவனை விட்டுவிட்டு ஊர் திரும்பத் தனக்கு வலுவான காரணங்கள் உண்டென்று சில நிமிடங்களில் நிறுவ வேண்டும்.

இங்குதான் அகமரபு முற்றாகக் கவிழ்கிறது. வளை நெகிழ்ந்து, பசலை பூத்து, உண்ணாமல் உறங்காமல் நிற்கும் தலைவிக்கு 214(பி) தாள் நிச்சயம். “அவர் இல்லாம ஒரு நாள் கூட முடியல மேடம்” என்றால் கதை முடிந்தது. “பேங்க்ல ஆடிட் வருது, மாசக் கடைசிக்குள்ள நான் சீட்ல இருக்கணும்” என்பவளுக்கு வாய்ப்புண்டு. வேலையும், லீவு அனுமதிக் கடிதமும், பேரில் உள்ள வீடும், பார்த்துக்கொள்ள வேண்டிய பெற்றோரும் சான்றுகள். கல்யாண ஆல்பம் எதிர்ச்சான்று. மறுத்தால் மேல்முறையீடு கிடையாது. மறுபடி பணம் கட்டி மறுபடி நிற்கலாம்.

இந்த இடத்தில் ஆய்வாளர் ஒரு முன்மொழிவை வைக்க விரும்புகிறார். புதுமணத் தம்பதியை ஆடி மாதம் பிரித்துப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துவருவது நம் வழக்கம். கணவனிடமிருந்து மனைவி திரும்பி வந்தே தீருவாள் என்று உலகில் எந்தப் பண்பாடாவது எழுதாமலே உத்தரவாதம் தருமானால் அது தலை ஆடிதான். பெண்ணின் அம்மா கையெழுத்திட்ட ஆடி அழைப்புக் கடிதத்தைத் தாயகப் பிணைப்புக்கான ஆவணமாக ஏற்கலாமா என்று அதிகாரிகள் பரிசீலிக்க வேண்டும்.

சித்தப்பா மரபுக்கு வருவோம். தலைவன் மனைவிக்காக ஐ-130 என்னும் குடியேற்ற மனு போடுகிறான். நேர்காணல் மும்பையில். அதுவரை மாதக்கணக்கில், பலருக்கு ஆண்டைத் தாண்டியும் காத்திருப்பு. அங்கே கேட்கப்படுவது நேர் எதிர்: இது உண்மையான கல்யாணம்தானா? பி-2 வரிசையில் நஞ்சாயிருந்த அதே ஆல்பம் இங்கே மருந்து. நள்ளிரவு வாட்ஸ்அப் அரட்டை உட்பட எல்லாம் அரங்கேறும். அப்போதும் கல்யாணமாகி இரண்டாண்டு ஆகாவிட்டால் சி.ஆர்.-1 என்னும் நிபந்தனை விசாதான், ஆகியிருந்தால் ஐ.ஆர்.-1. போலிக் கல்யாணங்களைத் தடுக்க 1986இல் வந்த சட்டத்தின் கைவண்ணம் இது. நிபந்தனைக்காரர்கள் இரண்டாண்டு முடியும் முன் கடைசி 90 நாளில் இருவருமாகச் சேர்ந்து இன்னொரு மனு போட வேண்டும்.

கூடவே ஐ-864 என்றொரு உறுதிப்பத்திரம். மனைவி அரசுக்குச் சுமையாகமாட்டாள் என்று தலைவன் கையெழுத்திடுவது. விவாகரத்து ஆனாலும் இந்தப் பொறுப்பு தீராது. அவள் குடியுரிமை பெறும்வரையோ, ஏறத்தாழப் பத்தாண்டு உழைப்புக்கு ஈடான 40 காலாண்டுக் கணக்கு நிறையும்வரையோ தொடரும். பத்துப் பொருத்தத்தில் எதுவும் இவ்வளவு தூரம் போவதில்லை.

கே-3 பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். ஐ-130 முடியும்வரை மனைவி அங்கேயே வந்து காத்திருக்கட்டும் என்று 2000இல் உருவாக்கினார்கள். இதற்கான மனு நகர்வதற்குள் ஐ-130 முடிந்துவிடுவதால் இது செத்துப்போகும். நூலில் உண்டு, வழக்கில் இல்லை.

கே-1 சுவையானது. இது களவுக்குரிய விசா: கல்யாணத்துக்கு முன்பே அழைத்துப் போய் 90 நாளுக்குள் தாலி கட்ட வேண்டும். மனு போடுவதற்கு முந்திய இரண்டாண்டுக்குள் இருவரும் நேரில் சந்தித்திருக்க வேண்டும். பெற்றோர் பேசி முடிக்கும் வழக்கத்தில் சந்திக்கவே தடை என்றால் விதிவிலக்குக் கேட்கலாம் என்று அமெரிக்க விதியே சொல்வதைப் பார்த்தால், அந்த அலுவலகத்திலும் யாரோ ஒரு பெரியப்பா இருந்திருக்கிறார்.

நம் தலைவிக்குக் கல்யாணம் ஆகிவிட்டதால் கே-1 செல்லாது. எனினும் ஆய்வு முழுமைக்காக முருகன் வள்ளியைப் பரிசீலித்தோம். தினைப்புனத்தில் நேரில் சந்தித்தது உண்மை. ஆனால் வேடனாக, வேங்கை மரமாக, கிழவனாக வந்ததால் மனுதாரரின் அடையாளமே குழப்பம். அதைவிட, கே-1க்கு இருவரும் மணமாகாதவர்களாக இருக்க வேண்டும். திருப்பரங்குன்றத்தில் ஏற்கெனவே தெய்வானை. எனவே தள்ளுபடி. விசா கிடைக்க வேண்டுவோர் கும்பிடும் பழவந்தாங்கல் விசா பிள்ளையார், பிரம்மச்சாரியாயிருந்தும், கணவன் மனைவி வழக்குகளைக் கேட்கத் தகுதியுள்ளவரா என்ற ஐயமும் இங்கே தீர்கிறது. யானையாக வந்து அந்த வழக்கில் முன்பே ஆஜரானவர் அவர்.

‘பி-2ல போயி அப்படியே தங்கிடலாம்’ என்று பெரியப்பா ரசம் சாதத்தின்போது தாழ்ந்த குரலில் சொல்வதை ஏற்பதற்கில்லை. அதிகாரியிடம் எண்ணத்தை மறைத்துப் பொய் சொன்னதாகத் தீர்ந்தால் ஆயுள் தடை. குடியேற்ற மனு ஏதும் உண்டா என்று டி.எஸ்.-160இலேயே கேள்வி இருக்கிறது. இருந்தால் உண்டென்று எழுத வேண்டும். எழுதினாலே மறுப்பு என்பதும் இல்லை. திரும்பி வருவது உறுதியென்றால் பி-2, தங்குவதென்றால் ஐ-130. இரண்டுக்கும் நடுவில் திண்ணை கிடையாது.

இவ்வளவு ஆராய்ந்தபின் ஒன்று தெரியவந்தது. தலைவன் தமிழ்நாட்டில் பிறந்தவன். ஓ.சி.ஐ. அட்டை வைத்திருக்கிறான். ஆயுளுக்கும் எத்தனை முறை வேண்டுமானாலும் விசா இல்லாமல் இந்தியா வரலாம், நேர்காணல் இல்லை, மனைவிமேல் உள்ள அன்பைக் கூட்டியோ குறைத்தோ காட்ட வேண்டியதில்லை. அவனுக்கு லீவு கிடைப்பது தொடர்பான ஆய்வு, மேலாளர் ஒத்துழைக்காமையால், நிலுவையில் உள்ளது.