பட்டிமன்றத் தலைப்பு: தோற்றமும் தட்டுப்பாடும்

பட்டிமன்றத் தலைப்பு எனப்படுவது, ஒன்றையொன்று வெல்ல முடியாத இரண்டு பொருள்களை எதிரெதிரே நிறுத்தி, ஒவ்வொன்றின் இறுதியிலும் ஓர் ஆகாரத்தைச் சேர்த்து, இரண்டு மணி நேரம் கழித்து நடுவர் இரண்டுமேதான் என்று தீர்ப்புச் சொல்வதற்கு வசதியாக அமைக்கப்படும் வினாத்தொடராகும். தலைப்பு என்னும் சொல் புடவையின் முந்தானைக்கும் வழங்குவதை இங்கே நினைவுகூரலாம். இரண்டும் இழுத்த இழுப்புக்கு வருபவை, இரண்டும் அவசரத்துக்கு முகம் துடைத்துக்கொள்ள உதவுபவை. அத்தகைய தலைப்பு ஒன்றைக் குறைந்த செலவிலும் குறைந்த மனக்கசப்பிலும் கண்டுபிடிப்பதற்கான வழிமுறையைப் படிப்படியாக விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். பொங்கலுக்கு இன்னும் பதினொரு நாள்களே இருப்பதால் விளக்கம் சுருக்கமாகவே அமையும்.

வரலாற்றை நோக்கினால், பட்டிமண்டபம் தமிழர்க்குப் பழையது என்பதும் தலைப்புத் தட்டுப்பாடு புதியது என்பதும் விளங்கும். வடக்கே சென்று மீண்ட கரிகாலனுக்கு வச்சிர நாட்டு அரசன் பந்தரையும், மகத நாட்டு அரசன் பட்டிமண்டபத்தையும், அவந்தி நாட்டு அரசன் தோரணவாயிலையும் தந்ததாகச் சிலப்பதிகாரம் கூறுகிறது. அதாவது பந்தலுக்கு ஒருவர், மேடைக்கு ஒருவர், நுழைவாயில் வளைவுக்கு ஒருவர் என மூன்று நன்கொடையாளர்கள். இன்றைய அடுக்ககக் குடியிருப்பு விழாக்களிலும் பந்தலுக்கு ஒரு நகைக்கடை, மேடைக்கு ஒரு மனை விற்பனை நிறுவனம், வளைவுக்கு ஒரு பல் மருத்துவமனை என்று இதே ஒழுங்கு பிசகாமல் காக்கப்படுகிறது. தலைப்பைத் தர முன்வந்த வேந்தர் மட்டும் அன்றும் இல்லை, இன்றும் இல்லை. அன்று அதற்குத் தேவை எழவில்லை; மணிமேகலையில் இந்திர விழாவை முரசறைந்து அறிவிப்பவன், சமயவாதிகளைப் பட்டிமண்டபத்தில் முறையறிந்து ஏறச் சொல்கிறான், அவர்களும் தத்தம் சமயமே மெய் என்ற முடிவோடு வந்ததால் தலைப்பு அவர்களோடு கூடவே வந்துவிட்டது. அதே அறிவிப்பில், பகைவர் எதிர்ப்பட்டாலும் சினமும் பூசலும் கொள்ளாது விலகிச் செல்க என்றொரு பகுதியும் உண்டு. குடியிருப்போர் நலச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவை நிர்வகிப்பவர்கள் அந்தப் பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு, கைகூப்பும் படம் சேர்த்து, வாரம் ஒருமுறை வெளியிட்டு வருகிறார்கள்.

சா. கணேசன் 1939இல் காரைக்குடியில் தொடங்கிய கம்பன் கழகமும், குன்றக்குடி அடிகளார் போன்ற நடுவர்களும் பட்டிமன்றத்துக்குப் புதுவாழ்வு தந்த காலத்திலும் பஞ்சம் இல்லை. காப்பியத்தில் பாத்திரங்கள் இருக்கும்வரை கும்பகருணனையும் வீடணனையும் எதிரெதிரே நிறுத்தி ஓர் இரவைக் கழித்துவிடலாம். பின்னர் அக்கலை தொலைக்காட்சிக்குக் குடிபெயர்ந்து, சாலமன் பாப்பையா நடுவராக அமரும் பண்டிகைக் காலை நிகழ்ச்சியாக, பலகாரத்துக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் இடைப்பட்ட பொழுதைத் தனக்கென எழுதி வாங்கிக்கொண்டது. காப்பியம் படித்திராதவர்களும் கணவராகவோ மனைவியாகவோ இருந்தது அதற்குப் பெரும் வசதியாயிற்று. திண்டுக்கல் ஐ. லியோனியின் மேடையில் பழைய பாட்டும் புதிய பாட்டும் மோதின; தலைப்பு சலித்தாலும் பாட்டையாவது கேட்க முடிந்தது.

இன்றைய தட்டுப்பாட்டுக்குக் காரணம் விலக்குவிதிகளே. விலக்குவிதி என்பது, இன்னின்ன பொருளைப் பேசலாகாது என்று முன்கூட்டியே வரையறுப்பது. சாதி, மதம், அரசியல் ஆகிய மூன்றும் குழுவின் முகப்புக் குறிப்பிலேயே தடுக்கப்பட்டவை. நடிகர்களும் கிரிக்கெட் அணிகளும் அடுத்து விலக்கப்பட்டார்கள். ஒரு மட்டைப்பந்து வீரர் ஓய்வு பெற வேண்டுமா என்ற பேச்சில் மூன்றாம் மாடிக்கும் ஏழாம் மாடிக்கும் இடையே கறிவேப்பிலைப் போக்குவரத்து நின்றுபோனது இதற்குக் காரணம். மாமியார், மருமகள் என்ற தலைப்பு இருவரும் ஒரே குழுவில் உறுப்பினர்களாக இருப்பதால் ஆகாது. வண்டி நிறுத்துமிடம், பராமரிப்புக் கட்டணம், வளர்ப்பு நாய், மொட்டைமாடிக் கொடியில் யார் துணி ஆகியவை குறித்து அன்றாடம் படிக்கட்டில் நடைபெறும் விவாதங்கள் தரத்தில் எந்தப் பட்டிமன்றத்துக்கும் குறைந்தவையல்ல என்றாலும், அவற்றை மேடையேற்றினால் விழா முடிவதற்குள் செயலாளர் பதவி விலக நேரும். ஆகவே, மக்கள் மெய்யாகவே மாறுபடும் எதையும் தொடக்கூடாது, ஆனால் மேடையில் காரசாரம் வேண்டும் என்பதே சங்கத்தின் நிலைப்பாடு. காரமில்லாத ஊறுகாய் வேண்டும் என்பவருக்கு வெறும் மாங்காயைத்தான் கொடுக்க முடியும்.

வழிமுறைக்குள் நுழையுமுன் வினா, விடை ஆகியவற்றின் இலக்கணத்தைச் சற்றே தெரிந்துகொள்வது நலம். சீயகங்கன் என்னும் சிற்றரசன் கேட்டுக்கொண்டதற்கு இணங்கப் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், வினாவை அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா என ஆறாகப் பகுக்கிறது. ஐயவினா என்பது பாம்போ கயிறோ என்று துணியமுடியாமல் கேட்பது. அறிவினா என்பது விடை தெரிந்த ஆசிரியர் மாணவனைக் கேட்பது. பட்டிமன்றத் தலைப்பு தோற்றத்தில் ஐயவினாவே எனினும், நடுவர் உட்பட அரங்கில் ஒருவருக்கும் ஐயம் கிடையாது என்பதால் அதனை அறிவினாவின்பாற் படுத்துவதே பொருந்தும்.

நன்னூலின் விடை வகைகள் எட்டு. எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் வகுக்கப்பட்ட இந்த எட்டும், சென்ற சனிக்கிழமை இரவு 9.10 முதல் 11.45 வரை ஒரே குழுவில் ஒரே வினாவுக்கு ஒன்றுகூட விடுபடாமல் கிடைத்தன என்பது தமிழ் இலக்கணத்தின் நிலைபேற்றுக்குச் சான்று. வினா இது: “பொங்கல் விழாப் பட்டிமன்றத்துக்கு நல்ல தலைப்பாக ஒன்று சொல்லுங்கள்.” இதனை விடுத்தவர் இக்கட்டுரையின் ஆசிரியரே. சங்கத்தின் செயற்குழுவில் தலைப்புப் பொறுப்பை யார் ஏற்பது என்று கேட்கப்பட்ட நொடியில், வாயில் இருந்த வாழைக்காய் பஜ்ஜி கொதிக்கக் கொதிக்க இருந்தமையால் அவர் கண் கலங்கித் தலையை மேலும் கீழும் அசைத்தார். அது இசைவு என்று நடவடிக்கைக் குறிப்பில் பதிவாகிவிட்டது.

முதலாவது, சுட்டு விடை. அஃதாவது இதோ, அதோ என்று சுட்டிக்காட்டுவது. “மேல போய்ப் பாருங்க சார், போன வருஷத்துது இருக்கு” என்று ஒருவர் சுட்டினார். மேலே செல்லச் செல்ல, காணாமற்போன சாவிக் கொத்து, ரோஜாவுடன் காலை வணக்கம், தண்ணீர்த் தொட்டி கழுவும் நாள், ரோஜா இல்லாமல் காலை வணக்கம், நாற்பது நொடிக்கு யாரோ சட்டைப்பையிலிருந்து பேசிய குரற்பதிவு ஆகியவற்றைக் கடந்து, பன்னிரண்டு மாதங்களுக்கு அப்பால் அது கிடைத்தது: வாழ்வில் உயர்வு தருவது பணமா, குணமா? அதற்கு முந்திய ஆண்டின் தலைப்பு குணமா, பணமா என்பது. இரண்டாவது, மறை விடை, மறுத்துக் கூறுவது. “பட்டிமன்றமே வேணாம், உறியடி போதும்” என்பது அது. நேர்மையான விடை என்ற அளவில் போற்றத்தக்கது. மூன்றாவது, நேர் விடை, உடன்பட்டுக் கூறுவது. பதினேழு பேர் கட்டைவிரலை உயர்த்தி உடன்பட்டார்கள். எதற்கு உடன்பட்டார்கள் என்பது விளங்கவில்லை. தலைப்பைக் கேட்டால் கேட்டதை ஆமோதிப்பது இக்காலப் பண்பாடு. ஏகலைவனுக்குப் பிறகு கட்டைவிரல் இவ்வளவு வீணாகக் கொடுக்கப்பட்டதில்லை.

நான்காவது, ஏவல் விடை. இது செய்வாயா என்று கேட்டால் நீயே செய் என்பது. “நீங்கதான் எழுதுறவங்களாச்சே, நீங்களே சொல்லிடுங்க சார்” என்று நால்வர், நான்கு எழுத்துப்பிழைகளுடன். எழுதுகிறவனிடம் தலைப்பு மூட்டை மூட்டையாகக் கிடக்கும் என்ற நம்பிக்கை தமிழ்நாட்டில் பரவலாக உள்ளது. தச்சர் வீட்டில் கால் ஒடிந்த நாற்காலி இருப்பதை அவர்கள் பார்த்ததில்லை போலும். ஐந்தாவது, வினா எதிர் வினாதல், வினாவையே விடையாக்குவது. “சாப்பாடு உண்டா?” என்று ஒருவர் கேட்டார். இந்த ஒரு வினாவுக்கு நாற்பத்து மூன்று மறுமொழிகள் வந்தன. வெண்பொங்கலா, சர்க்கரைப் பொங்கலா என்று ஒரு கட்சி கிளப்பியது. வெண்பொங்கலில் முந்திரி உடைத்ததா முழுசா என்று மறு கட்சி கிளை பிரிந்தது. மிளகைக் கடித்துப் பல் போனவர் ஒருவர் மருத்துவச் செலவுக் கணக்கோடு வந்தார். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குத் தனி அண்டா வேண்டும் என்பதற்கு, சர்க்கரையே போடாவிட்டால் அதற்குச் சர்க்கரைப் பொங்கல் என்று எப்படிப் பெயர் என்று ஒருவர் இலக்கண வாதம் தொடுத்தார். இரண்டு அணி, இரண்டு ஆகாரம், மூன்று மூன்று பேச்சாளர்கள், கைதட்டுக்குக் குறைவில்லாத கூட்டம் என எல்லாம் தாமாகவே கூடிவந்த அந்த நேரத்தில், “இதையே தலைப்பாக வைத்துக்கொள்ளலாமே” என்று கட்டுரையாசிரியர் எழுதினார். குழு அத்துடன் அடங்கிப்போயிற்று. பதினெட்டு நிமிடம் கழித்து ஒருவர், “அது சாப்பாட்டு மேட்டர் சார், தலைப்பு வேற” என்று விளக்கினார்.

ஆறாவது, உற்றது உரைத்தல். முன்பு நேர்ந்ததைச் சொல்லி இசைவின்மையைக் குறிப்பால் உணர்த்துவது. “போன தடவ மனைவி தரப்புக்கு எதிரா பேசிட்டு மூணு நாள் ஓட்டல்ல சாப்பிட்டேன்.” ஏழாவது, உறுவது கூறல், இனி நேரப்போவதைச் சொல்வது. “மைக் சத்தத்துல பேரன் முழிச்சிக்குவான்.” எட்டாவது, இனமொழி, கேட்டதற்கு இனமான வேறொன்றைத் தருவது, ஆடுவாயா என்றால் பாடுவேன் என்பது போல. “கோலப்போட்டிக்கு வேணா நான் மார்க் போடுறேன்” என்றார் ஓர் அம்மையார். பின்னுள்ள ஐந்தும் விடையின் பொருளைத் தருதலால் விடையென ஏற்கத்தக்கன என்று நன்னூல் பெருந்தன்மையோடு கூறுகிறது. பவணந்தியாருக்குக் கைப்பேசி இருந்திருந்தால் இவ்வளவு பெருந்தன்மை இருந்திருக்குமா என்பது ஆய்வுக்குரியது.

நன்னூல் சொல்லாத ஒன்பதாம் விடையும் அன்றிரவு கிடைத்தது. இரவு 11.40க்கு யாரோ ஒருவர் எதையோ அனுப்பி, பிறர் பார்க்குமுன் அழித்துவிட்டமையால், ‘இந்தச் செய்தி நீக்கப்பட்டது’ என்ற வாசகம் மட்டும் எஞ்சியது. நெடுநாள் தேடப்பட்ட தலைப்பு அதுவே என்பதில் கட்டுரையாசிரியருக்கு ஐயம் எழவில்லை. ஏடுகள் கரையானுக்கு இரையான செய்தியைப் படித்த தமிழன் வேறெவ்வாறு எண்ண முடியும்? மறுநாள் அவரை மின்தூக்கி வாசலில் மடக்கி விசாரித்ததில், “அது மச்சானுக்கு அனுப்ப வேண்டியது சார், மாறி வந்துடுச்சு” என்று அவர் கூறினார். அதனையும் கேட்டு வாங்கிப் பார்த்திருக்கலாம் என்ற வருத்தம் இன்றளவும் உண்டு.

இவற்றுக்கிடையே கட்டுரையாசிரியர் தாமாக முன்வைத்த தலைப்புகளும் சில உள. தண்ணீர் லாரியா, ஆழ்துளைக் கிணறா என்பது அரசியல் என்று தள்ளப்பட்டது. மின்தூக்கியா, படிக்கட்டா என்பது, மின்தூக்கி ஐப்பசி முதல் இரண்டாம் மாடியில் நின்று யோசித்துவிட்டே மேலே ஏறுவதால், புகார் என்று கொள்ளப்பட்டுப் பராமரிப்புக் குழுவுக்கு அனுப்பப்பட்டது; அவர்கள் அதற்கு வரிசை எண் கொடுத்திருக்கிறார்கள். விருந்தினரா, விருந்தினரின் வண்டியா என்பதற்கு மறுமொழி இல்லை. தலைப்புக் கேட்டவர்கள் வேறு, தலைப்பைத் தள்ளுபவர்கள் வேறு என்றால் பொறுத்துக்கொள்ளலாம். இருவரும் ஒருவரே, அவர் பஜ்ஜித் தட்டையும் நீட்டியவர் என்பதுதான் மனத்தை அறுக்கிறது.

இனி வழிமுறைக்கு வரலாம். முதற்படி, ஒன்றுக்கொன்று எதிர்நிற்கும் இரு பொருள்களைத் தேர்ந்துகொள்ளுதல். இரண்டாம் படி இந்த முதற்படி முடிந்த பிறகே தொடங்கும் இயல்புடையது என்பதால், நடுவரின் கருத்தை அறிவது உதவும் என்று கருதப்பட்டு, ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியராகிய அவருடன் நேற்று தொலைபேசியில் பேசப்பட்டது. “தலைப்பு எதுவா இருந்தா என்ன தம்பி, தீர்ப்பு கைவசம் இருக்கு” என்றார் அவர்.

பதாகை நேற்றே அச்சாகி வந்துவிட்டது. நடுவரின் படம், பல் மருத்துவமனையின் படம், நாள், நேரம், அனைவரும் வருக ஆகியவை உரிய இடங்களில் உள்ளன. நடுவில், அச்சகத்தார் காத்திருக்க மறுத்துவிட்டமையால், வெற்றிடத்தை அடுத்து இரண்டு ஆகாரங்களும் இரண்டு வினாக்குறிகளும் மட்டும் இருக்கின்றன. அவற்றுக்கு முன்னால் ஒட்டுவதற்குப் பொருத்தமான இரண்டு சொற்களை வைத்திருக்கும் வாசகர்கள் வரும் வியாழக்கிழமை மாலைக்குள் அனுப்பிவைக்குமாறு வேண்டப்படுகிறார்கள். பணம், குணம் இரண்டும் ஏற்கெனவே வந்துவிட்டன.