அழத் தெரியாத பாட்டு டீச்சரின் விண்ணப்பம்

அனுப்புநர்:
பாட்டு டீச்சர்,
(பெயர் வேண்டாம், எங்கள் தெருவில் தபால்காரர் உட்பட எல்லோருக்கும் நான் பாட்டு டீச்சர்தான்)
மயிலாடுதுறை வட்டம்.

பெறுநர்:
உயர்திரு நடுவர் பெருமக்கள்,
ஞாயிறு இரவுப் பாட்டுப் போட்டி (சிறுவர் பிரிவு),
சிவப்பு சோபா, சென்னை.

பொருள்: தங்களைப் போல் அழுவதற்குப் பயிற்சி கோருதல் – தொடர்பாக.
பார்வை: சென்ற மாதத்து ஞாயிறுகளில் தாங்கள் சிந்திய கண்ணீர்.

ஐயா, அம்மா,

வணக்கம். 38 வருடமாக வீட்டுத் திண்ணையில் பாட்டு சொல்லிக் கொடுக்கிறேன். வாரம் இரண்டு வகுப்பு, மாதம் 600 ரூபாய், விஜயதசமிக்கு வெற்றிலை பாக்கு தனி. சரளி வரிசை, ஜண்டை வரிசை என்று மாயாமாளவகௌளையிலேயே ஒரு வருடத்தை ஓட்டிவிடுகிறேன் என்று ஊரில் என்மீது பழைய புகார் ஒன்று உண்டு. உண்மைதான், மறுத்ததில்லை. ஆனால் சென்ற மாதம் புதுப் புகார் ஒன்று வந்து சேர்ந்தது. அதற்கு என்னிடம் பதில் இல்லை. தங்களிடம் இருக்கும் என்று நம்பி எழுதுகிறேன்.

நாலாம் வகுப்புப் படிக்கும் குழந்தை ஒன்று என்னிடம் கற்றுக்கொள்கிறது. நல்ல சாரீரம். மேல் ஷட்ஜத்துக்குப் போகும்போது மட்டும் ஒரு மயிரிழை கீழே நின்றுவிடும். பள்ளி ஆண்டு விழாவுக்கு ஒரு சினிமாப் பாட்டைச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். "மேல சேரலை கண்ணு, இன்னொரு தடவை" என்றேன். பாடினாள். "இன்னொரு தடவை." ஐந்தாவது "இன்னொரு தடவை"யின்போது, வாசலில் நின்றிருந்த அவள் அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

"டீச்சர், தப்பா நெனைக்காதீங்க. இதே பாட்டை டிவியில ஒரு புள்ள பாடுச்சு. மூணு ஜட்ஜும் அழுதாங்க. ஒருத்தர் மேடைக்கே ஓடிப் போயி அது கால்ல விழுந்தாரு. எங்க புள்ள ரெண்டு வருஷமா பாடுறா, நீங்க ஒரு தடவையாச்சும் கண் கலங்கியிருக்கீங்களா?"

யோசித்துப் பார்த்தேன். கண்புரைக்குச் சொட்டு மருந்து விட்டால் கலங்கும். வெங்காயம் உரித்தால் கலங்கும். சுருதி விலகினால் எனக்குக் கலங்குவது வயிறு மட்டுமே. இது ஆசிரியத் தொழிலுக்குப் பெரிய குறைபாடு என்று அன்றுதான் தெரிந்தது.

என் வீட்டில் இப்போது டிவி இல்லை. ஆகவே அந்த அம்மா வீட்டுக்கே போய், அவர் கொடுத்த சுண்டலோடு, நான்கு ஞாயிற்றுக்கிழமை நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்து தங்களிடம் பாடம் கற்றேன்.

முதல் பாடம், சொற்கள். "இன்னிக்கு நீ பாடல, வாழ்ந்துட்ட." "சான்ஸே இல்ல." "புல்லரிச்சிருச்சு, கையைப் பாருங்க." (கேமரா கையைப் பார்த்தது. முழுக்கைச் சட்டை.) "சின்னச் சின்ன விஷயம் இருக்கு, ஆனா அதெல்லாம் இப்ப பேச வேணாம்." இந்தக் கடைசி வாக்கியத்தில்தான் எனக்குச் சந்தேகம். அந்தச் சின்ன விஷயத்தை இப்போது பேச வேண்டாம் என்றால், எப்போது பேசுவதாக உத்தேசம்? என் திண்ணையில் 38 வருடமாக அந்தச் சின்ன விஷயத்தைத் தவிர வேறெதுவும் பேசியதாக எனக்கு ஞாபகம் இல்லை.

இரண்டாம் பாடம், நேரம். பாடிய குழந்தையைத் திருத்தி ஒரு வரி திரும்பப் பாடச் சொல்ல நேரம் இருப்பதில்லை, புரிந்துகொள்கிறேன். ஆனால் வெளியேறும் குழந்தையின் பெயரைச் சொல்ல மட்டும் எவ்வளவு நேரம்! முரசு, இருட்டு, ஒவ்வொரு அம்மாவின் முகமாக ஒரு சுற்று, "அந்தப் போட்டியாளர்..." என்று இழுத்து, அங்கே விளம்பரம். மணிக்கு 12 நிமிடத்துக்கு மேல் விளம்பரம் கூடாது என்று கேபிள் டிவி விதி சொல்கிறது. முரசுக்கு விதி எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. இதற்கிடையில் அந்த வீட்டுக் குழந்தை தூங்கிவிட்டது. மேடையில் இருந்த குழந்தைகளுக்கும் தூக்கம் வந்திருக்க வேண்டும், ஒன்று கொட்டாவி விட்டது, அரங்கமே "ச்சோ ச்வீட்" என்றது. குழந்தைக் கலைஞர்கள் நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது, ஓய்வில்லாமல் மூன்று மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று 2017-இல் மத்திய அரசு விதி போட்டிருக்கிறது. அழுவது அந்தக் கணக்கில் சேருமா, சேராதா என்று மட்டும் தெரியப்படுத்தவும்.

மூன்றாம் பாடம்தான் கடினம்: கதை. பாட்டுக்கு முன்னால் ஒரு படம் ஓடுகிறது. ஓட்டு வீடு, அப்பாவின் ஆட்டோ, மெதுவாக நடக்கும் அம்மா, பின்னணியில் புல்லாங்குழல். படம் முடிந்து குழந்தை வாயைத் திறப்பதற்குள் தங்களில் ஒருவர் கைக்குட்டையை எடுத்தாகிவிட்டது. அதன் பிறகு அந்தக் குழந்தை எந்த ஸ்வரத்தில் நின்றால் என்ன? ஆனால் எனக்கொரு நடைமுறைச் சிக்கல். என் மாணவன் ஒருவன் நன்றாகப் பாடுவான். அவன் அப்பாவுக்கு இரண்டு உரக்கடை, தாத்தா பாட்டி உட்பட வீட்டில் எல்லோரும் சௌக்கியம். இந்த நிலையில் அவன் போட்டிக்கு வரலாமா, அல்லது ஒரு கடையை விற்ற பிறகு வரலாமா?

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்தில் நான் வானொலிக் குரல் தேர்வுக்குப் போனேன். பி. வி. கேஸ்கர் என்று ஒரு மந்திரி இருந்தார். 1952 முதல் 1962 வரை தகவல் ஒலிபரப்புத் துறை அவர் கையில். வானொலியில் சினிமாப் பாட்டை நிறுத்தி, ஊரையே இலங்கை வானொலிப் பக்கம் விரட்டிய புண்ணியவான். அதற்காக அவரை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டலாம், எங்கள் வீட்டிலும் திட்டினார்கள். ஆனால் பாடுவது யார் என்று பார்க்காமல் குரலை மட்டும் கேட்டுத் தரம் பிரிக்கும் வழக்கமும் அவர் காலத்தில்தான் வானொலியில் வந்தது. பி, பி ஹை, ஏ, டாப் என்று படிகள். முதல் தடவை எனக்குத் தபாலில் ஒரே வரி வந்தது: தேர்ச்சி பெறவில்லை. அப்பாவுக்குக் கோயில் மடப்பள்ளியில் வேலை, வீட்டில் ஏழு பிள்ளைகள், நான் பாடப் போன அன்று கட்டியிருந்தது அக்காவின் புடவை. பின்னணியில் ஒரு வயலினை ஓட்டியிருந்தால் நாடே அழுதிருக்கும். யாரும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து ஒரு வருடம் சாதகம் செய்து, அடுத்த தடவை 'பி' வாங்கினேன். அந்த 'பி'யைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேன். அதைவிடப் பெரிய பாராட்டை எனக்கு யாரும் இன்றுவரை சொன்னதில்லை.

முகம் பாராமல் கேட்பதை 2010-இல் நெதர்லாந்துக்காரர்கள் 'தி வாய்ஸ்' என்ற போட்டியாக்கி, சுழலும் சிவப்பு நாற்காலி போட்டு உலகமெல்லாம் விற்றார்கள். நாற்காலி திரும்பியதும் அங்கேயும் கட்டிப்பிடிப்புதான், அது வேறு விஷயம்.

நான் தங்களைக் கடுமையாகப் பேசச் சொல்வதாக நினைக்க வேண்டாம். பிரிட்டனில் 2001-இல் 'பாப் ஐடல்' தொடங்கியபோது சைமன் கௌவெல் என்ற நடுவர் பாடுகிறவர்களை வாய்க்கு வந்தபடி பேசியே பேர் வாங்கினார். மறு வருடம் அமெரிக்காவிலும் அவரை உட்கார வைத்தார்கள். எனக்குப் பாட்டு சொல்லிக் கொடுத்தவரும் பிரம்பு வைத்திருந்தவர்தான். கையில் தழும்பு இருக்கிறதே தவிர, அதனால் என் காந்தாரம் சுத்தமானதாக நினைவில்லை. திட்டினாலும் சரி, காலில் விழுந்தாலும் சரி, குழந்தைக்கு எந்த இடத்தில் தப்பியது என்பது தெரியாமலே போகிறது. நம் பக்கத்திலேயே சன் டிவியில் ஏ. வி. ரமணன் 'சப்தஸ்வரங்கள்' நடத்தினார், பி. எச். அப்துல் ஹமீது 'பாட்டுக்குப் பாட்டு' நடத்தினார். அவற்றைப் பார்த்து நாங்கள் யாரும் அழுததாக நினைவில்லை. ஒரு நாளும் சேனலை மாற்றவும் இல்லை.

இனி நான்கு வாரத்தில் என் நோட்டில் ஏறிய முக்கியமான குறிப்புக்கு வருகிறேன். தங்களில் ஒருவருக்கு (சோபாவின் இடது ஓரம்; பெயர் சொல்லி அவருக்கு வேலைச் சிக்கல் உண்டாக்க மாட்டேன்) இடது புருவம் ஒன்று இருக்கிறது. குழந்தை பாடிக்கொண்டிருக்கும்போது சில இடங்களில் அந்தப் புருவம் அரை நொடி சுருங்கும். உடனே கேமரா அழும் அம்மாவிடம் போய்விடும். முதலில் கொசு என்று நினைத்தேன். மூன்று வாரம் நேரம் குறித்து வைத்தேன். மேல் ஷட்ஜம், நீண்ட கார்வை, வேகமான சங்கதியின் கடைசி என்று, குழந்தைகள் எங்கே வழுக்குவார்களோ அங்கேதான் புருவம் சுருங்குகிறது. ஆனால் டிவியில் எனக்குக் கேட்பதோ கம்பி போட்டு இழுத்த மாதிரி நேரான ஸ்வரம். தப்பே இல்லாத இடத்தில் புருவம் ஏன் சுருங்க வேண்டும்?

உரக்கடைக்காரர் மகன்தான் விளக்கினான். "டீச்சர், அது ஆட்டோ-டியூன். பாடினதை அப்புறமா கம்ப்யூட்டர்ல சுருதி சேத்துருவாங்க." ஆண்டி ஹில்டிபிராண்ட் என்ற அமெரிக்கர் 1997-இல் அதை விற்பனைக்குக் கொண்டு வந்தாராம். அவருடைய முந்தைய வேலை, பூமிக்குள் ஒலி அலையை அனுப்பி எண்ணெய் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பது. அதே கணக்கைக் குரலில் போட்டாராம். எண்ணெய் தேட வந்தவர்களோடு எங்கள் காவிரிப் படுகை பட்டதெல்லாம் போதாதென்று, திண்ணைச் சுருதி வரைக்கும் குழாய் பதித்துவிட்டார்கள். 2010-இல் பிரிட்டனின் 'எக்ஸ் ஃபேக்டர்' நிகழ்ச்சி, முன்கூட்டி எடுத்த பாடல்களில் இப்படிக் கைவைத்ததை ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது. பார்த்தவர்கள் கேட்டே கண்டுபிடித்துவிட்டார்கள். தங்கள் நிகழ்ச்சியில் அப்படி நடப்பதாக நான் சொல்லவில்லை. புருவம் சுருங்குகிறது என்று மட்டும் சொல்கிறேன்.

நான்காவது ஞாயிறு, இறுதிச் சுற்று. பெரிய அரங்கம், வீடு முதல் பரிசு, நேரலை. நேரலை என்றால் சலவைக்கு நேரமில்லை அல்லவா? பத்து மணியைத் தாண்டி, நன்றாகப் பாடக்கூடிய ஒரு பெண் வந்தாள். எங்கள் ஆண்டு விழாப் பாட்டையே எடுத்தாள். மேல் ஷட்ஜத்துக்கு ஏறினாள். ஒரு மயிரிழை கீழே நின்றாள். அந்த நொடியே இடது புருவம் சுருங்கியது. காகிதப் பூ கொட்டியது. மூன்று நடுவர்களும் எழுந்து நின்றீர்கள். "இதுக்கு மேல ஒண்ணும் சொல்றதுக்கில்ல" என்றீர்கள்.

என் மடியில் சாய்ந்து பாதித் தூக்கத்தில் இருந்த அந்த நாலாம் வகுப்பு, தலையை நிமிர்த்தாமலே முணுமுணுத்தது: "டீச்சர், அந்த அக்கா மேல சேரலைல்ல?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் அம்மா அதைப் பார்க்கவில்லை. அவர் டிவியைப் பார்த்து அழுதுகொண்டிருந்தார்.

ஆகவே, மேலே கோரியிருந்த பயிற்சி இனித் தேவைப்படவில்லை என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பாட்டு டீச்சர்.

இணைப்பு: சுருதிப் பெட்டி, ஒன்று. பழையது. துருத்தியில் ஒட்டுப் போட்டிருக்கிறது, ஐந்து கட்டை மட்டும் கொஞ்சம் மக்கர் செய்யும். சோபாவின் இடது ஓரத்துப் புருவத்துக்கு உரியவரிடம் சேர்ப்பிக்கவும். அடுத்த சீசன் தொடங்குமுன் திருப்பி அனுப்பினால் போதும், திண்ணையில் வேலை இருக்கிறது.