பத்துமணி மாமி

பரந்தனிலிருந்து மாங்குளம் வரைக்கும் ஏ9 வீதியின் எந்தப் பக்கத்து ஒழுங்கைக்குள் இறங்கினாலும் ஒரு பத்துமணி மாமி இருப்பா. வீட்டைக் கண்டுபிடிக்க விலாசம் தேவையில்லை. படலையடியில் நீலப் பெயின்ற் பூசிய பழைய ரயர், வேலிக் கதியாலில் கம்பி போட்டுத் தொங்கவிட்ட எண்ணெய்க் கான், கிணற்றுக் கட்டில் வரிசையாக யோகட் கப். அத்தனைக்குள்ளும் ஒரே இனம்: பத்துமணிப்பூ. தமிழ்நாட்டுக்காரர் டேபிள் ரோஸ் என்பார்கள்.

மாமியும் ஒருகாலத்தில் அசல் றோசா வளர்த்தவதான். மலைநாட்டுக் குளிரில் பிறந்து, கறுப்புப் பொலித்தீன் பைக்குள் இருந்தபடி லொறியில் வந்திறங்கிய கண்டுகள். வாங்கும்போது நாலு மொட்டு இருக்கும். அந்த நாலும் விரியும். பிறகு ஆடிச் சோழகம் அடிக்கும், இலை கருகும், தடி மட்டும் முள்ளோடு நிற்கும். அந்தத் தடிக்கு ஒரு மாதம் தண்ணி ஊற்றித்தான் மாமி மனதைத் தேற்றிக்கொண்டா.

பத்துமணிப்பூ வேறு சாதி. ஆர்ஜென்ரீனா, தெற்குப் பிரேசில் பக்கத்து வெயிலில் பிறந்து, தடித்த இலைக்குள் தண்ணியைப் பதுக்கி வைக்கப் பழகியது. றோசாக் குடும்பத்தோடு அதற்கு ஒரு உறவுமில்லை. பருப்புக்கீரைக்குத்தான் நெருங்கிய சொந்தம். இந்தத் தாவரவியல் மாமிக்குத் தெரியாவிட்டாலும், வேலி பிரித்து வரும் ஆட்டுக்கு நன்றாகத் தெரியும். மீள்குடியேறி வந்து, இந்திய வீட்டுத்திட்டத்தின் ஐந்தரை இலட்சம் ரூபாயில் சுவர் எழுப்பிய வளவுகளில், தென்னம்பிள்ளை நிமிர முதலே நிலத்தில் நிறம் காட்டியது இதுதான். அந்த மரியாதையை நானும் கொடுக்கிறேன்.

"தண்ணி வேண்டாம், உரம் வேண்டாம், ஒரு பராமரிப்பும் வேண்டாம்" என்று மாமி எல்லோருக்கும் சொல்லுவா. இந்தப் பூவுக்கு வேலையே இல்லை என்று சொல்லித் திரிவதுதான் மாமியின் முழுநேர வேலை. விடிய எழும்பிக் களை பிடுங்குவா. பின்னேரம் வாடிய பூவைக் கிள்ளுவா. நுனி கிள்ளினால் பக்கக் கொப்பு வெடிக்கும் என்று அதையும் கிள்ளுவா. காய் முற்றி மூடி கழன்றால் கடுகைவிடச் சிறிய விதை கொட்டிப்போகும் என்று, மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பால்மா ரின்னோடு குந்தியிருப்பா.

வெயில் ஏறினால்தான் பூ விரியும், மத்தியானம் சரிந்தால் சுருங்கும். ஆகவே அந்த வீட்டுக்குப் போவதற்கும் நேரம் உண்டு. காலை எட்டுக்குப் போனால், "என்ன பிள்ளை, ஒரு பத்தரைக்கு வந்திருக்கக்கூடாதே?" என்று முகம் கோணும். பின்னேரம் நாலுக்குப் போனால் தேத்தண்ணி மட்டும் கிடைக்கும், சீனி குறைவாக. பத்தரைக்குப் போகிறவர் தப்ப முடியாது. விதானையார், கரண்ட் பில் போடுகிற பெடியன், மாடு தேடி வந்தவர், எல்லோரும் முற்றத்தைச் சுற்றிக் காட்டப்பட்ட பிறகுதான் வந்த விசயத்தைச் சொல்லலாம். அடுப்பில் சோறு குழைந்தாலும் மாமியின் மனுசன் வாய் திறக்கமாட்டார். மப்பு மூடி, ஒரு பூவும் விரியாத நாளில் மாமிக்குத் தலையிடி.

சுற்றிக் காட்டும்போது ஒவ்வொரு நிறத்துக்கும் பூர்வீகம் சொல்லப்படும். இந்தக் கடும் சிவப்பு மல்லாவி. அந்தச் செம்மஞ்சள் விசுவமடுவில் ஒரு ரீச்சர் வீட்டுச் சொத்து. வெள்ளையில் றோஸ் கோடு போட்டது வவுனியாவில் கலியாண வீட்டுக்குப் போன இடத்தில் கிடைத்தது. கிடைத்தது என்றால் எப்படி என்று கேட்கக்கூடாது. வட்டாப்பளைப் பொங்கலுக்குப் போகிற வழியில் ஒரு வீட்டுப் படலையில் நின்று மாமி கதைத்ததைக் கண்டவர்களுக்கு விளங்கும். வாய் வீட்டுக்காரியின் முழங்கால் நோவை விசாரிக்கும். கண் வீட்டுக்காரியின் முகத்தில் இருக்கும். வலக்கையின் பெருவிரல் நகம் மட்டும் முதுகுக்குப் பின்னால் நாலு விரல் நீளத்தில் ஒரு கொப்பை "டிக்" என்று நறுக்கி, ஈர லேஞ்சிக்குள் சுருட்டிவிடும். வீட்டுக்கு வந்து அடியிலையை உருவி, மணல் கலந்த மண்ணில் சொருகிவிட்டால் இரண்டு கிழமைக்குள் வேர் பிடிக்கும். "கேட்டு வாங்கினது தழைக்காது பிள்ளை, களவெடுத்ததுதான் பிடிக்கும்" என்பது மாமியின் விவசாய விஞ்ஞானம். கேட்டு வாங்கியதும் பிடிக்கும். கேட்டால் தரமாட்டார்கள் என்பதுதான் சிக்கல்.

ஏனென்றால் மாமியும் தரமாட்டா. கேட்கிறவருக்கு வேலியோரம் மண்டிக் கிடக்கும் ஒற்றை றோஸ் நிறத்தில் ஒரு கைப்பிடி, தாராளமாக. அடுக்கு மஞ்சள் மட்டும் தண்ணித் தாங்கிக்குப் பின்னால் ஒளித்து வைக்கப்பட்டிருக்கும். அதில் நியாயமும் உண்டு: அடுக்குப்பூவின் விதையை நட்டால் அதே பூ வருமென்று நம்பமுடியாது, கொப்பு நட்டால்தான் நிச்சயம். ஒரு கொப்பு வெளியே போனால் அடுத்த மாதம் எதிர்வீட்டு ரயரிலும் அதே மஞ்சள் சிரிக்கும். மாமி அதைத் தாங்கமாட்டா.

ஜேர்மனியில் இருக்கும் மருமகன் ஒருமுறை வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினான். நிலத்தோடு படர்கிற அசல் றோசா. அந்த நாட்டு நோவாக் குடும்பம் 1988 அளவில் உருவாக்கியது. உலகச் சந்தையில் பிளவர் கார்பெட் என்று பெயர். மருந்தடிக்கத் தேவையில்லை, வீதியோரத்தில்கூட நடுகிறார்கள், வருசத்துக்கு ஒருக்கா அடியோடு ஒட்ட வெட்டினால் சரி என்று குரல்பதிவும் போட்டிருந்தான். மாமி கடைசி வசனத்தைத் திரும்பப் போட்டுக் கேட்டா.

"வருசாவருசம் வெட்டவேணுமாம். அப்ப என்னத்துக்கு அதைப் பராமரிப்பில்லாத பூ எண்டு சொல்லுறான்?"

சொல்லும்போதும் கை நுனி கிள்ளிக்கொண்டிருந்தது.

வெயிலுக்கு அசையாத செடிக்கு மழைதான் எமன். வேரில் தண்ணி நின்றால் தண்டு கரைந்து அழுகிவிடும். ஐப்பசி பிறந்து, இரணைமடுக் குளம் நிரம்பி வான் பாயப்போகிறது என்று தேத்தண்ணிக் கடையில் ஆம்பிளைகள் அடிக்கணக்குப் பேசிச் சந்தோசப்படுகிற நாட்களில், மாமி மட்டும் வானத்தைப் பார்த்துத் திட்டுவா. ரயர், கான், கப் எல்லாம் விறாந்தைக்கு இடம்பெயரும். கதிரைகள் அறைக்குள் போகும். மனுசனின் மோட்டார் சைக்கிள் முற்றத்துக்கு இறங்கி மாரி முழுக்க நனையும். போன வருசம் அவர் துணிந்து ஒரு சொல் கேட்டுவிட்டார்.

"சைக்கிள் நனைஞ்சா துடைக்கலாம்" என்றா மாமி. "சிவப்பு அழுகினா, நீங்களே மல்லாவிக்குப் போய்க் களவெடுத்துக்கொண்டு வருவியள்?"